கடைசியாகப் பார்த்தது: நெ. பு.

பல்லு கில்பர்ட் நன்ட் காட்டில் சின்ன மரங்கொத்தியைப் பார்த்துவிட்டாராம். செய்தி நெரிஸின் காதுக்கு ரொட்டிக்கடையில் வந்து சேர்ந்தது. அதுவும் நேராக வரவில்லை. மதுக்கடையில் யாரோ சொன்னதை ஹூ என்பவன் கேட்டு, அவன் ரொட்டிக்கடை லவ்ரியின் வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் ராத்திரிச் சாப்பாட்டில் லவ்ரியிடம் சொன்னது அது.

"உன் பறவைய அந்தப் பல்லு டாக்டர் பார்த்துட்டாராமே," என்றாள் லவ்ரி, ரொட்டியைக் காகிதத்தில் சுற்றியபடி.

"என் பறவையா? அது எது?"

"ஏதோ சின்னது. கொத்துறது. பதினோரு வருஷமா தேடிட்டு இருக்கியே, அது."

"யார் சொன்னா?"

"ஹூ. ஹூவுக்கு யார் சொன்னான்னு கேக்காதே. அவனுக்கே ஞாபகம் இருக்காது."

நெரிஸ் காசைக் கொடுத்தாள், மீதியை எண்ணாமல் பையில் போட்டாள், ரொட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ரொட்டி ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவில்லை. போனால் லவ்ரி முகத்தைப் பார்த்துவிடுவாள்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஒரே பெயரில் ஏழெட்டுப் பேர் இருப்பதால் தொழிலையோ வீட்டையோ பெயரோடு ஒட்டிவிடுவது வழக்கம். அப்படித்தான் நெரிஸ் புயூ, பஸ் நெரிஸ் ஆனாள். வயது அறுபத்து மூன்று. இருபத்தெட்டு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி ஏற்றுவதற்கு ஆறு மணி நேரம் இருக்கும். வேறு ஓட்டுநர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள். நெரிஸ் நன்ட் காட்டு ஓரத்தில், பஸ் திருப்புகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்மேல் முழங்கையை ஊன்றி வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கப் பார்க்கப் பறவைகள் தெரிய ஆரம்பித்தன. முதல் பைனாகுலர் யாரோ ஒரு பிள்ளை பஸ்ஸில் மறந்துவிட்டுப் போனது. ஒரு வருஷம் வைத்திருந்தாள். யாரும் கேட்டு வரவில்லை. அதன் பிறகு அது அவளுடையது.

இவள் பொறாமைக்காரி என்று சொன்னால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். கல்யாணமாகி நாலாவது வருஷம் புருஷன் ஷ்ரூஸ்பரி டவுனில் ஒரு முடிதிருத்தும் கடைக்காரியோடு போய்விட்டான். சாமான் எடுக்க வந்தவனிடம் நெரிஸ் ஒரு குரல் உயர்த்தவில்லை. "எல்லாத்தையும் எடுத்துக்க. ஏணிய மட்டும் விட்டுட்டுப் போ," என்றாள். அவ்வளவுதான். அந்தக் கதையை மதுக்கடையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ஏணிதான் இன்றுவரை நன்ட் காட்டில் மரத்துக்கு மரம் போய்க்கொண்டிருக்கிறது.

நன்ட் காடு முழுக்க ஓக் மரங்கள். யார் நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாத அளவுக்குப் பழசு. மழை ஓயாத மலைச்சரிவு என்பதால் மரங்கள் உயரமாக வளராமல் முறுக்கிக்கொண்டு நிற்கும். அடிமரத்திலிருந்து சுள்ளிவரை பாசி. அந்த மரங்களில் அறுபத்து நாலு கூட்டுப்பெட்டிகள் மாட்டியிருக்கின்றன. ஏப்ரல் கடைசியில் ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான்கள் அவற்றில் முட்டையிடும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் யாராவது ஏணி வைத்து ஏறி, மூடியைத் தூக்கி, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று எண்ணிச் சொல்லவேண்டும். கீழே நிற்பவர் எழுதிக்கொள்ளவேண்டும்.

பத்தொன்பது வருஷமாக ஏறுவது நெரிஸ். எழுதுவது எலினெட்.

எலினெட் காட்டின் வாசலில் இருக்கும் கடைசி வீட்டில் பிறந்தவள், இன்னமும் அங்கேயே இருப்பவள். முழங்கால் இரண்டும் போய்விட்டன. கம்ப்யூட்டர் கிடையாது, கைபேசி கிடையாது. ஆனால் அவளுக்கு இருக்கிற காது எங்கள் பள்ளத்தாக்கில் யாருக்கும் இல்லை. அடுப்படியில் தட்டுக் கழுவிக்கொண்டே, ஓடைக்கு அந்தப் பக்கம் செவ்வால் குருவி வந்துவிட்டது என்று சொல்வாள். போய்ப் பார்த்தால் வந்திருக்கும்.

அந்த இரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்பது ஒரு ஏணி, ஒரு நோட்டு, ஒரு பிளாஸ்க் தேநீர், எலினெட் சுட்ட பழ ரொட்டி. வேறு ஆள் தேவைப்பட்டதில்லை.

போன இலையுதிர்காலத்தில்தான் கில்பர்ட் வந்து சேர்ந்தார். பர்மிங்ஹாமில் நாற்பது வருஷம் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு இங்கே வீடு வாங்கினார். வந்த மூன்றாம் வாரமே பல்லு கில்பர்ட் ஆகிவிட்டார். அவருடைய பைனாகுலரின் விலையில் ஒரு பழைய கார் வாங்கலாம். மரியாதையான மனுஷன். அதுதான் நெரிஸுக்கு எரிச்சலாக இருந்தது. குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

"ஏணிய நான் தூக்குறேன், நெரிஸ்," என்றார் முதல் நாள்.

"பத்தொன்பது வருஷமா நான்தான் தூக்குறேன்."

"அதனாலதான் கேக்குறேன்."

எலினெட் சிரித்துவிட்டாள். நெரிஸ் ஏணியைக் கொடுத்துவிட்டாள். புருஷனிடம் விட்டுக்கொடுக்காத ஏணி.

இப்போது அவர் மரங்கொத்தியையும் பார்த்துவிட்டாராம்.

அதில் ஏன் அவள் வயிறு அப்படி எரிய வேண்டும் என்றால், அதற்கு ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் மாவட்டப் பறவைச் சங்கம் வருஷத்துக்கு ஒரு அறிக்கை போடுகிறது. எந்தப் பறவை எங்கே, எத்தனை, எப்போது என்று இருக்கும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் பார்த்தவரின் பெயர் முதலெழுத்து. சின்ன மரங்கொத்தி இந்த மாவட்டத்திலிருந்தே போய்விட்ட பறவை. பதினோரு வருஷத்துக்கு முன் ஏப்ரல் மாதம், நன்ட் காட்டில், பஸ்ஸின் முன் கண்ணாடி வழியாக நெரிஸ் பார்த்ததுதான் கடைசி. அதனால் ஒவ்வொரு வருஷ அறிக்கையிலும் அந்தப் பறவையின் பெயருக்குக் கீழே ஒரே வரிதான் வரும்: பதிவு இல்லை. கடைசியாகப் பார்த்தது: நெ. பு.

அறிக்கை தபாலில் வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் பிரிப்பாள். அந்தப் பறவை திரும்பி வரவேண்டும் என்று பதினோரு வருஷமாகத் தேடுகிறாள், உண்மைதான். ஆனால் திரும்பி வந்தால் அது தன் கண்ணில்தான் பட வேண்டும். வேறு யார் கண்ணிலாவது பட்டால் அந்த வரி போய்விடும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எலினெட்டிடம் சொல்லவேண்டிய தேவையே இல்லை. அவளுக்குத் தெரியும்.

பஸ்ஸில் உட்கார்ந்து மார்ச் மாதத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள் நெரிஸ். மரங்கொத்தி தட்டுகிற மாதம் அது. அந்த மாதம் முழுக்க அவளும் எலினெட்டும்தான் காட்டில் பெட்டிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடை வளைவில் பதினாலாம் பெட்டிக்குப் புதுக் கூரை அடித்தது நன்றாக ஞாபகம் இருந்தது. வாயில் நாலு ஆணி, கையில் சுத்தியல்.

"கொஞ்சம் நிறுத்து," என்றாள் எலினெட் கீழேயிருந்து.

நெரிஸ் நிறுத்தினாள். வாயிலிருந்த ஆணியை எடுத்தாள். "ஏன்?"

"சும்மா. மூச்சு விடு."

விட்டாள். ஓடைச் சத்தம், காற்று. எலினெட் முகத்தை மேலே தூக்கியபடி இருந்தாள், மழை வருமா என்று பார்க்கிறவள்போல. ஒரு நிமிஷம் போயிருக்கும்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. அடி."

மறுபடி அடித்தாள். அப்படி நாள் முழுக்க இரண்டு பேர் நின்ற காட்டில் ஒன்றும் இல்லை. வந்து ஆறு மாதமான ஆளுக்கு மட்டும் தெரிந்ததாம். எலினெட் காதுக்கு எட்டாத மரங்கொத்தி பல் டாக்டருக்கு எட்டியதாம். நெரிஸ் தனியாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. எலினெட் சில நாள் கில்பர்ட்டுடனும் காட்டுக்குப் போயிருக்கிறாள். புதன்கிழமைகளில். அதை அவளே சொல்லியிருக்கிறாள், ஒளிக்காமல்.

மே மாதம் முதல் ஞாயிறு. நீலமணிப்பூ காடெங்கும் பூத்திருந்தது. மூன்று பேரும் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"பன்னிரண்டு. ஆறு முட்டை. தாய் உட்கார்ந்திருக்கு," என்றாள் நெரிஸ் மேலேயிருந்து.

"ஆறு," என்று எழுதினாள் எலினெட்.

"என்ன கில்பர்ட், புதுசா ஏதோ பார்த்தீங்களாமே? ஊரே பேசுது."

கில்பர்ட்டின் கழுத்து சிவந்தது. அவர் எலினெட்டைப் பார்த்தார். எலினெட் நோட்டைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் பார்க்கலையே," என்றார்.

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமில்ல, நெரிஸ்."

பறவை பார்க்கிறவர்களிடையே இந்த வார்த்தைக்கு ஒரு மரியாதை உண்டு. அரிய பறவை கூடு கட்டியிருக்கிறது என்று தெரிந்தால் கூட்டம் சேர்ந்து கலைத்துவிடும், முட்டை திருடுகிறவன் வருவான். அதனால் கண்டவர்கள் யார் கேட்டாலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். உண்மையிலேயே எதுவும் பார்க்காதவன் மணிக்கணக்கில் பேசுவான். கழுத்துச் சிவந்து ஒண்ணுமில்ல என்கிறவனிடம்தான் விஷயம் இருக்கும். ஆக, பார்த்திருக்கிறார், அல்லது பார்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். நெரிஸ் ஏணியிலிருந்து இறங்கினாள்.

"யார் பார்த்தா என்ன, நெரிஸ்?" என்றாள் எலினெட் மெதுவாக. "இருந்தா நல்லதுதானே?"

"பார்க்கத் தெரிஞ்சவங்க பார்த்தா நல்லது."

"உனக்கு முன்னாடி வேற யாராவது பார்த்திருந்தா கோவிச்சுக்குவியா?"

"ஏன் கோவிச்சுக்கணும்? பாவம், பெரிய மரங்கொத்தியத் தூரத்துல பார்த்துட்டுச் சின்னதுன்னு நினைச்சிருப்பாங்க. முதல் வருஷம் எல்லாருக்கும் நடக்கும்."

எலினெட் பென்சிலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

நெரிஸ் எட்டிப் பார்த்தாள். ஓரத்தில், பாடும் கதிர்க்குருவிகள் என்ற இடத்தில், ஏழு என்று எழுதியிருந்தது.

"ஏழா? எனக்கு ஒண்ணுதான் கேட்டுச்சு. வருஷா வருஷம் குறையுது பாரு."

"ஏழு," என்றாள் எலினெட்.

தையல் மெஷின் வேகம் பிடிப்பதுபோல அந்தக் குருவி பாடும். முன்பெல்லாம் நன்ட் காட்டில் பேசவே விடாது. இப்போது காடு அமைதியாகிவிட்டது என்று நெரிஸ் சங்கக் கூட்டங்களில் வருத்தத்தோடு சொல்வதுண்டு.

முப்பத்தேழாம் பெட்டியில் ஏறி இறங்கித் திரும்பியபோது அதைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரு பாறைமேல் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். கில்பர்ட் தன் காதிலிருந்து எதையோ கழற்றி எலினெட்டின் உள்ளங்கையில் வைத்தார். காதுக் கருவி. எலினெட் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், ஏதோ கேட்டாள். அவர் குனிந்து அவள் காதருகே பதில் சொன்னார். நெரிஸின் காலடியில் சுள்ளி முறிந்ததும் எலினெட் கையை மூடிக்கொண்டாள்.

பதினஞ்சு வயசுப் பெண்போல மூடிக்கொண்டாள்.

ஷ்ரூஸ்பரிக்காரி வந்தபோது எரியாத வயிறு அன்றைக்குத்தான் எரிந்தது. இத்தனை வருஷத்தில் எலினெட் இவளிடம் மூடிய கை அது ஒன்றுதான். காதுக் கருவி மாட்டிய ஒரு மனுஷன், மெல்லிய சத்தத்தில் தட்டும் மரங்கொத்தியைக் கேட்டானாம். அதையும் நம்பிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறாள் இவள்.

"பழ ரொட்டி இருக்கு, வா," என்றாள் எலினெட்.

"பசிக்கல," என்றாள் நெரிஸ். அவள் வாழ்க்கையில் எலினெட்டின் பழ ரொட்டியை வேண்டாம் என்றது அதுவே முதல் தடவை.

பத்து நாள் கழித்துக் கெத்தினிடமிருந்து தபால் வந்தது.

கெத்தின் மாவட்டத்தின் பறவைப் பதிவாளன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். சின்ன வயதில் நெரிஸின் பஸ்ஸில் பின்சீட்டில் வாந்தி எடுத்தவன். அரிய பறவையைப் பார்த்ததாக யாராவது எழுதி அனுப்பினால் அவன் அதை ஐந்து பேர் குழுவுக்குச் சுற்றுக்கு விடுவான். நெரிஸ் அதில் ஒருத்தி; குழுவில் யார் யார் என்று வெளியே சொல்வதில்லை. தாட்சண்யம் கூடாது என்பதற்காக எழுதியவரின் பெயரைக் கறுப்பு மையால் அடைத்துவிடுவான். கூடு கட்டக்கூடிய பறவை என்றால் நாளையும் சரியான இடத்தையும்கூட அடைப்பான், மாதமும் காட்டின் பெயரும் மட்டும் நிற்கும். ஐந்து பேரில் ஒருவர் இல்லை என்று ஓட்டுப் போட்டாலும் பதிவு அறிக்கையில் ஏறாது. இல்லை என்கிறவர் காரணத்தைத் தன் கையால் எழுத வேண்டும். அந்தத் தாள் பெயர் இல்லாமல் பதிவை அனுப்பியவருக்கே போகும். உடன் இருந்தவர் ஓட்டுப் போடக்கூடாது என்றும் ஒரு விதி உண்டு.

பஸ் திருப்புகிற இடத்தில், ஸ்டியரிங்மேல் வைத்து அதைப் படித்தாள். கம்ப்யூட்டரில் அழகாக அடித்திருந்தது.

'மார்ச் மாதம், நன்ட் காடு. ஓக் மரங்களில் இலை வரவில்லை. முதலில் சத்தம் கேட்டது. பெரிய மரங்கொத்தியைவிட மெலிது, ஆனால் நீளம் அதிகம், கடைசிவரை ஒரே சீர். சிறிது நிறுத்தி மறுபடி. பிறகு உச்சியில், விரல் பருமன் உள்ள கிளையில் பறவை தெரிந்தது. சிட்டுக்குருவி அளவு. முதுகில் ஏணிப்படிபோல வெள்ளைக் கோடுகள். வாலடியில் சிவப்பு இல்லை. உச்சந்தலையில் சிவப்பு, எனவே ஆண். ஒரு நிமிஷம் பார்த்தேன். உடன் வந்தவர் பத்தடி தள்ளி இருந்தார். அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.'

கடைசி வரியை நெரிஸ் மூன்று முறை படித்தாள். அகப்பட்டுக்கொண்டார். பல்லு கில்பர்ட் தானாகவே அகப்பட்டுக்கொண்டார். புதன்கிழமை உடன் போகிறவள் யார்? எலினெட். எலினெட் பத்தடியில் நின்றும் அவளுக்குக் கேட்கவில்லை என்றால், அந்தச் சத்தம் இந்த உலகத்தில் இல்லை.

பேனாவை எடுத்தாள். நேர்மையாகத்தான் எழுதுகிறோம் என்று அவள் மனதார நம்பினாள். ஆனாலும் கை வேகமாக ஓடியது. இல்லை என்று கட்டத்தில் போட்டுவிட்டுக் காரணம் எழுதினாள்.

'விவரங்கள் புத்தகத்தில் உள்ளபடி சரியாக இருக்கின்றன. அதுவே சந்தேகத்துக்குக் காரணம். இந்தக் காடு எழுதியவருக்குப் புதிது என்பது வரிக்கு வரி தெரிகிறது. உடன் இருந்தவருக்குக் கேட்கவில்லை என்று எழுதியவரே ஒப்புக்கொள்கிறார். அந்தக் காதை நம்பலாம், இந்தக் காதை நம்ப முடியாது. பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்துவிட்டதாக நம்பும் வயது ஒன்று உண்டு. அதற்காக இரக்கப்படலாம், பதிவு செய்ய முடியாது.'

கடைசி இரண்டு வாக்கியமும் தேவையில்லை என்று உறையை ஒட்டும்போது தோன்றியது. ஒட்டிவிட்டாள்.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாகவே போயின. தனக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி பையில் இருந்ததால் நெரிஸ் கில்பர்ட்டிடம் அன்பாகக்கூட நடந்துகொண்டாள். பழ ரொட்டியை இரண்டு துண்டாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எலினெட் சந்தோஷப்பட்டாள்.

"நீ பழையபடி ஆயிட்ட," என்றாள்.

"நான் எப்ப மாறினேன்?"

"மாறல, மாறல. அறுபத்து நாலாம் பெட்டி என்னாச்சு, சொல்லு."

"எல்லாம் பறந்துடுச்சு. காலி."

"காலி," என்று எழுதி நோட்டை மூடினாள் எலினெட். கிளம்பும்போது நெரிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு விஷயம் பேசணும். அடுத்த வாரம். ஒரு தபால் வரணும், வந்ததும் சொல்றேன்."

"என்ன தபால்?"

"வரட்டும்."

மறுநாள் திங்கட்கிழமை. பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கதவை மூடப் போனவளைக் கெத்தின் கைகாட்டி நிறுத்தினான். ஓட்டுநர் ஜன்னலுக்கு வந்தான்.

"மரங்கொத்தி விஷயம் முடிஞ்சுது. நாலு பேர் சரின்னாங்க. உங்க ஒரு ஓட்டுதான்."

"ஒரு ஓட்டுன்னாலும் ஓட்டுதான்."

"உங்களத் தப்பு சொல்லல. சொல்லப்போனா எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. நானா இருந்தா என்னால முடிஞ்சிருக்காது."

"எது?"

"நெருங்கின சிநேகிதின்னு தெரிஞ்சும் இல்லைன்னு போட்டீங்களே, அது."

நெரிஸ் கதவு நெம்புகோலில் வைத்த கையை எடுக்கவில்லை.

"யாரு சிநேகிதி?"

கெத்தின் முகம் மாறியது. "முடிஞ்சுபோச்சு, இப்பச் சொல்லலாம். எலினெட் அக்காதான் அனுப்பினது. வாழ்க்கையில முதல் தடவையா ஒண்ணு அனுப்பினாங்க. கில்பர்ட் டைப் அடிச்சுக் கொடுத்தார். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். நீங்க அந்தக் காட்டுல அவங்கள விட்டுப் பிரிஞ்சதே இல்லையே."

"கூட இருந்தது யாரு?"

"அதைத்தான் நானும் கேட்டேன். யாருன்னு தெரிஞ்சா அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேக்கலாமேன்னு. சொல்லமாட்டேன்னுட்டாங்க. அவளுக்குக் கேக்கலங்கிறது அவளுக்குத் தெரியவேண்டாம், அது அவளுக்குக் கஷ்டமாயிருக்கும்னாங்க." பள்ளி மணி அடித்தது. கெத்தின் திரும்பினான், மறுபடி வந்தான். "அப்போ நீங்களா?"

நெரிஸின் வாயில் ஆணியின் இரும்பு ருசி வந்தது. கொஞ்சம் நிறுத்து. சும்மா. மூச்சு விடு. முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றாளே, மழை பார்க்கிறவள்போல. ஒரு முழு நிமிஷம் கொடுத்தாள். கேட்டுவிடு, கேட்டுவிடு என்று கீழே நின்று காத்திருந்தாள். கேட்டிருந்தால் அது நெரிஸின் பறவையாக இருந்திருக்கும், அறிக்கையில் மறுபடி நெ. பு. என்றே வந்திருக்கும். என்னடி என்று இவள் கேட்டாள். ஒண்ணுமில்ல, அடி.

ஏழு கதிர்க்குருவி. காதுக் கருவியை எலினெட் விசாரித்தது தன் காதுக்காக இல்லை.

"தாளை அனுப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"சனிக்கிழமையே போட்டுட்டேன். பெயர் இல்லாமத்தான்."

"என் கையெழுத்துலயா?"

"விதி அப்படித்தானே," என்றான் கெத்தின். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கும் உறைத்தது.

பத்தொன்பது வருஷக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் அந்தக் கையெழுத்தில்தான் எலினெட்டின் அடுப்படி ஜன்னலில் வரிசையாக நிற்கின்றன. கெத்தின் தாளில் பெயரை அடைத்து என்ன, அடைக்காமல் என்ன.

பஸ்ஸைத் திருப்பினாள். எலினெட் வீட்டுப் பாதையில் பஸ் போகாது, பாலம் சின்னது. முதலில் தன் வீட்டுக்குப் போய்க் காரை எடுக்கலாம். போய் என்ன சொல்வது? காடு உனக்குப் புதிது என்று நான் எழுதியது உன்னைப் பற்றி இல்லை, கில்பர்ட்டைப் பற்றி என்றா? அது இன்னும் கேவலம். உன் காதை நம்ப முடியாது என்று எழுதினேன், உன் காதுதான் என்று தெரியாமல். இரக்கப்படலாம் என்று எழுதியிருக்கிறாளே.

இதற்கு நடுவிலும் ஒரு சின்ன நெருப்பு அணையாமல் இருந்ததை அவள் மறைக்க விரும்பவில்லை. எலினெட் பார்த்திருக்கிறாள். சின்ன மரங்கொத்தியை, ஆணை, ஒரு நிமிஷம் முழுக்க, என் ஏணிக்குக் கீழே நின்று. பார்த்ததைக் கில்பர்ட்டிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. அந்த நினைப்பு வந்ததும் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. வெறுப்பு வந்ததே தவிர நெருப்பு போகவில்லை.

வளைவில் எதிரே சிவப்புத் தபால் வண்டி வந்தது. பள்ளத்தாக்கின் மேல்பகுதியை முடித்துவிட்டுத் திரும்புகிறது. ஓட்டுகிறவன் கையை உயர்த்தினான், வழக்கம்போல. நெரிஸும் உயர்த்தினாள். எலினெட் வீடு அவன் பாதையில் கடைசி வீடு.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமல் தொலைபேசியை எடுத்தாள். எண்ணைப் பார்க்கத் தேவையில்லை.

எலினெட்டின் தொலைபேசி நடைவழியில், கோட்டுகள் தொங்குகிற ஆணிகளுக்குக் கீழே இருக்கிறது. அடுப்படியிலிருந்து அந்த முழங்காலோடு வந்து சேர்வதற்குள் மணி பதினோரு தடவை அடித்துவிடும். இது தெரியாதவர்கள் ஆறேழு தடவை அடித்ததும் வைத்துவிடுவார்கள். நெரிஸ் எப்போதும் விட்டுப் பிடிப்பாள். பன்னிரண்டாவது மணிக்கு முன்னால் எலினெட் எடுத்து, மூச்சு வாங்கியபடி, "நீதான்னு தெரியும்," என்பாள்.

பன்னிரண்டு அடித்தது.

தோட்டத்தில் இருக்கலாம். கோழிக்குத் தீனி போடுகிற நேரம். ஆனால் தோட்டத்தில் இருந்தாலும், ஓடைக்கு அந்தப் பக்கமே இருந்தாலும், அந்தக் காதுக்கு இந்த மணி கேட்கும். மற்றவர்களுக்கு எட்டாத இடத்திலிருந்தும் கேட்கும்.

பதினெட்டு. பத்தொன்பது.

நெரிஸ் தொலைபேசியை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினாள். இரண்டில் அதுதான் கொஞ்சம் தேவலாம். இதை இன்றுவரை அவள் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மணிக்கும் மணிக்கும் நடுவில் ஏதாவது கேட்கிறதா என்று கவனித்தாள். நடைவழியில் ஒரு காலடி, ஒரு மூச்சு.

இருபத்து நாலு.